மணமும் மணவாமையும்: பவுலடிகள் கருத்து

கிறித்தவ நெறி மணவாழ்வைத் தாழ்த்தி மணவாமையை உயர்த்துவது என்பர் சிலர். அதற்குச் சான்றாக அவர் காட்டுவது, பவுலடிகள் கி. பி. 55 அளவில் கொரிந்து நகரத் திருச்சபைக்கு வரைந்த முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரமாகும். ஆடவன் பெண்ணைத் தீண்டாமை நன்று என்னும் கருத்து அதன் தொடக்கத்தில் உள்ளது. இஃது ஆசிரியர்தம் கொள்கையா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கொரிந்தியர் எழுதியவற்றுக்கு விடை கூறுவதாகவே அவ்வதிகாரம் தொடங்குகின்றது. ஆதலின் அத்தொடர் கொரிந்தியர் கூற்றென்றும், பவுலடிகள் அதனை எடுத்துக்கொண்டு திருத்துகின்றார் என்றும் இக்கால விவிலிய அறிஞர் பலர் கொள்வர். பழைய கிரேக்க ஏடுகளில் மேற்கோட்குறி இன்மையின் இவ்வையம் எழுந்தது. நன்னூலார் எழுவகை மதத்துள் வைத்த 'பிறர்தம் மதமேற்கொண்டு களைதல்' இதனோடு ஒப்புநோக்கத் தக்கது.

பின்வரும் பகுதியும் இதற்கு அரணாகின்றது. கணவனுக்கு மனைவியின் உடல்மீதுள்ள உரிமையே, மனைவிக்கும் கணவனுடல்மீது உண்டு எனப்படுகின்றது. இறைவேண்டலின்பொருட்டுப் பிரிந்திருத்தலும் இருவர் இசைவோடு சிறிது காலமே நிகழ்தல் வேண்டும். மணத்தல் பாவமன்று என்பதும் வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளது.

எனினும் பவுலடிகள் மணவாமையையே விரும்பினார் என்பதை மறைத்தல் முறையன்று. அதற்கு அவர் காட்டும் காரணம் உடல்வெறுப்பன்று; காலம் குறுகியது என்பதும், மணந்தோர் உள்ளம் துணைக்கும் இறைவனுக்குமாகப் பகுபடும் என்பதுமேயாம். கன்னியரைப் பற்றிக் கூறுமிடத்து ஆண்டவர் கட்டளை தம்மிடம் இல்லையென்றும், தம் கருத்தையே உரைப்பதாகவும் அவர் பிரித்துக் காட்டுதல் கருதத்தக்கது. மேலும், இறைவனிடம் அவரவர் பெற்ற கொடை வெவ்வேறு என்பர். அங்கு அவர் ஆளும் 'காரிஸ்மா' என்னும் கிரேக்கச் சொல் அருளால் வருவதைக் குறிக்கும். முயன்று ஈட்டும் தகுதியை அன்று. கொடையாய் வந்ததைக் கொண்டு ஒருவர் மற்றவரை இகழ்தல் எங்ஙனம்?

பிற்காலத்தார் இவ்விரு நிலைகளையும் ஏற்றத்தாழ்வு நோக்கி வழக்கிட்டனர். துறவியாயிருந்த மார்ட்டின் லூத்தர் 1525-இல் மணம் புரிந்தார். திரெந்துப் பொதுச்சங்கமோ, கன்னிமையினும் மணமே சிறந்தது என்பாரை 1563-இல் விலக்கிற்று.

நம் வீரமாமுனிவர், கன்னிமை காத்த வளனையும் மரியையும் தேம்பாவணியில் மணத்தால் இணைத்து, திருமணப் படலத்தை அடுத்து 'ஈரறம் பொருத்து படலம்' அமைத்தார். இல்லறம், துறவறம் என்னும் தமிழ் மரபின் பகுப்பை அவர் அறிந்தே அப்பெயரிட்டார் எனலாம். கொரிந்தியர்க்கு எழுதிய அதிகாரத்திலும் வினாவப்படுவது எந்நிலை உயர்ந்தது என்பதன்று, அந்நிலையில் உள்ளம் இறைவன்பால் பிளவுபடாது நிற்கின்றதா என்பதே என்பது எம் துணிபு.