இளையோர் வலிப்பும் மருத்துவ அறிவுரையும் – சம்பூரை முன்னிறுத்திய ஒரு நோக்கு

திருகோணமலைப் பட்டினத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில் அமைந்துள்ளது சம்பூர். வயலையும் கடலையும் நம்பி வாழும் இத்தகைய ஊர்களில் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ வலிப்புக் கண்டால் யாது செய்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு, வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த விடைகள் ஒரே முற்றத்தில் ஒருங்கே ஒலிக்கக் கேட்கலாம். இரும்புத் திறப்பைக் கையிற் கொடு என்பார் ஒருவர். அம்மனுக்கு நேர்ந்து நூல் கட்டு என்பார் மற்றொருவர். பரியாரியிடம் எண்ணெய் வாங்கு என்பாரும், ஆசுபத்திரி மாத்திரையை நிறுத்தாதே என்பாரும் உளர். இவை எவ்வாறு தோன்றின, இவற்றுள் எது இன்றும் நிற்கத்தக்கது என்பதையே இங்கு நாம் நோக்குகின்றோம்.

நோயின் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். கால் கை வலிப்பு என்பதே காக்கை வலிப்பு என மருவிற்று என்பர். வடமொழி மருத்துவம் இதனை அபஸ்மாரம் என்றது. நினைவு நீங்குதல் என்பதே அச்சொல்லின் கருத்து. தமிழில் வழங்கிய மற்றொரு பெயர் முயலகன். ஆடவல்லானின் காலடியிற் கிடக்கும் குறளுருவின் பெயரும் அதுவே. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் கூறும் வரலாறொன்று இங்குக் கருதத்தக்கது. கொல்லிமழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்தாள். வேறெவ்வகையாலும் அது தீராமையால், தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்து இறைவன் திருமுன் கொண்டுவந்து கிடத்தினான். அங்கு வந்த ஞானசம்பந்தர் பதிகம் பாட அவள் எழுந்தாள். திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள அத்தலம் இன்று திருவாசி எனப்படுகின்றது. பத்தி இலக்கியமாக இதனைப் படிப்போர் கவனியாது விடும் ஒன்றுண்டு. ‘வேறெவ்வகையாலும் தீராமையால்’ என்பதே அது. கோயில் முதற் புகலிடமன்று, கடைசிப் புகலிடம். அந்நிலை பல குடும்பங்களில் இன்றும் மாறவில்லை.

நோயைத் தெய்வத்தோடோ பேயோடோ இணைத்தல் தமிழர்க்கே உரிய வழக்கன்று. 1660இல் இதே கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ரொபேட் நொக்சு, பேச்சிழந்து உடல் நடுங்கிய மாந்தரைக் கண்டு அதனைப் பிசாசின் செயலென்றே எண்ணினார். அவருடைய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1667இல், தோமசு வில்லிசு என்னும் ஆங்கில மருத்துவர் வலிப்பின் இருப்பிடம் மூளையே என வாதிட்டிருந்தார். கிரேக்கத்து இப்போகிரட்டீசு மரபினர் இதனை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கூறிவிட்டனர். கூறிய உண்மை சாதாரண மக்களிடம் சென்றுசேர எத்துணைக் காலம் பிடிக்கின்றது!

பண்டை மருத்துவர் அளித்த அறிவுரைகளோ பேயோட்டுதலோடு நின்றுவிடவில்லை. சரகசங்கிதை அபஸ்மாரத்தை வாதம், பித்தம், கபம், மூன்றும் கூடியது என நால்வகையாகப் பகுத்து, பஞ்சகவ்விய நெய், பிரமி நெய் முதலியவற்றை விதித்தது. சித்த மருத்துவம் மூக்கிலிடும் நசியத்தையும் கண்ணிலிடும் கலிக்கத்தையும் கையாண்டது. ஈழத்தில் யாழ்ப்பாண அரசர் காலத்தனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய தொகுப்புக்கள் இம்மரபைப் பேணின; பின்னதில் பாலரோகம் தனிப் பகுதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. பிள்ளை வளர்ப்பான் எனப்படும் வசம்புக்கு வலிப்பை அடக்கும் இயல்பு விலங்காய்வுகளிற் காணப்பட்டுள்ளது. ஆயினும் அதிலுள்ள அசரோன் எலிகளிற் புற்றுநோயை உண்டாக்கியமையால், 1968இல் ஐக்கிய அமெரிக்கா வசம்பை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. மூலிகையாதலின் தீங்கற்றது என்னும் வாதம் இவ்விடத்து நில்லாது.

சரகசங்கிதையின் மற்றோர் அறிவுரை மருந்துகளினும் மேலானது என நாம் கருதுகின்றோம். நீர், நெருப்பு, மரம், மலை, மேடுபள்ளம் ஆகியவற்றிலிருந்து இந்நோயாளரைக் காத்தல் வேண்டும். அவை உடனே உயிரைப் போக்கும் என அது எச்சரிக்கின்றது. கடலும் குளமும் கட்டில்லாக் கிணறும் விறகடுப்பும் பனையேற்றமும் உள்ள ஊரில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்றைய நரம்பியல் மருத்துவரும் தனியே நீந்தாதே, உயரத்தில் ஏறாதே என்றே கூறுவர்.

இரும்புத் திறப்பு எவ்வாறு நிலைத்தது? வலிப்புக்களிற் பெரும்பாலானவை இரண்டொரு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். திறப்பைத் தேடி எடுத்துவந்து கையிற் கொடுக்கும் நேரமும் ஏறத்தாழ அதுவே. எனவே அடங்கியதன் பெருமை இரும்பைச் சேர்ந்தது. இதனால் தீங்கு சிறிது; ஆனால் குழந்தைகளுக்குச் சூடு வைத்தலும், பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுதலும் அத்தகையனவல்ல. செய்யத்தக்கது எளிது. பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தி, தலைக்குக் கீழே மெத்தென்ற துணியை வைத்து, வாயில் எதனையும் இடாது, நேரத்தைக் கணித்தல் வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தால் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

மேனாட்டு மருத்துவமும் நெடுங்காலம் வெறுங்கையோடுதான் நின்றது. 1857இல் சாள்சு லொக்கொக்கு பொற்றாசியம் புரோமைட்டின் பயனை எடுத்துரைத்தார். அது வலிப்பைக் குறைத்த அளவுக்கு அறிவையும் மந்தப்படுத்திற்று. அக்காலத்திலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். அவரது வைத்தியாகரம் 1872இல் வெளிவந்தது. தாய்மொழியில் மருத்துவ அறிவைப் பரப்பும் அம்முயற்சி அவருக்குப்பின் தளர்ந்தமை நம் கிராமங்களுக்கு நேர்ந்த பேரிழப்பாகும். 1912இல் பினோபாபிட்டோனும் 1938இல் பினைற்றோயினும் வலிப்பு மருந்துகளாயின. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இவை இடம்பெற்றன.

இம்மருந்துகளோடு பண்டை நூல்கள் அறியாத ஓர் அறிவுரையும் வந்தது: நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், இடைவிடாது உட்கொள்ளல் வேண்டும். திடீரென நிறுத்தினால், முன்னிருந்ததினும் கடிய, ஓயாத வலிப்பு நேர்ந்து உயிர் போகவும் கூடும். இவ்வறிவுரை நிலையான வாழ்வை முன்னிபந்தனையாகக் கொண்டுள்ளது. 2006 ஏப்ரலில் விமானத் தாக்குதல்களால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. பலர் தம் காணிகளுக்குத் திரும்பியது 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே. அரச வைத்தியசாலையில் மருந்து இலவசமே. ஆயினும் சிகிச்சைக் குறிப்பு வீட்டோடு போன பின்னர், முன்பின் அறியாத வைத்தியருக்குத் தன் பிள்ளை எம்மருந்தை எவ்வளவு உட்கொண்டது என ஒரு தாய் எவ்வாறு எடுத்துரைப்பாள்? உலகில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், வறிய நாடுகளில் நால்வரில் மூவருக்கு உரிய சிகிச்சை கிட்டுவதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உரிய சிகிச்சை பெற்றால் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பின்றி வாழலாம். மருந்தின் விலையோ அற்பம்.

பெண்பிள்ளையாயின் இன்னொரு தடையும் உண்டு. மணப்பேச்சு முறிந்துவிடுமென அஞ்சி நோய் மறைக்கப்படுகின்றது. மறைத்தற்காக மாத்திரை இரகசியமாகின்றது; புகுந்த வீட்டில் அது நின்றும் போகின்றது. கருவுற்ற காலத்திற் சில வலிப்பு மருந்துகளை மாற்ற வேண்டியிருத்தலால், மறைத்தல் இருமடங்கு ஆபத்தாகும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் பயின்று வெளியேறும் இளம் வைத்தியர்கள் இக்குடும்பங்களின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர்கள். நெய்யும் எண்ணெயும் கேட்டு வருவோரிடம், ஆசுபத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என அவர்கள் முதலிற் கேட்பாராயின், அவ்வொரு கேள்வியே பல பிள்ளைகளைக் காக்கும்.