‘பேட்டண்ட்’ முத்திரையும் கடைக்காரரின் பொறுப்பும்



கிரைண்டர், தேங்காய்த் துருவி, கைத்தெளிப்பான், பம்புசெட், கடலை உடைக்கும் மெஷின் என்று எந்தச் சரக்கை எடுத்தாலும், ‘பேட்டண்ட் பெற்றது’ என்றோ, ‘பேட்டண்டுக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்றோ அட்டைப் பெட்டியில் ஒரு வரி இருப்பதைக் காண்கிறோம். விழுப்புரம், திண்டிவனம் கடைவீதிகளில் இதைப் பற்றி இரண்டு விதமான எண்ணம் நிலவுகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை போல இதுவும் ஒரு தரச் சான்று என்று சிலர் நினைத்து, வாடிக்கையாளரிடமும் அப்படியே சொல்கிறார்கள். அது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் உள்ள விவகாரம், நமக்கென்ன என்று வேறு சிலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சரியல்ல. பேட்டண்ட் தரச் சான்று அல்ல. அதன் பலன் கம்பெனியோடு நிற்பதும் இல்லை. நம் கிடங்கு வரையில் அது வரும். ஆகவே அதைப் பற்றி நாம் அறிந்து வைத்திருக்க வேண்டியதை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

பேட்டண்ட் என்றால் என்ன?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அது வேலை செய்யும் விதத்தை மறைக்காமல் அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரும் அவர் அனுமதியின்றி அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு அவருக்கு உரிமை தருகிறது. காலம் முடிந்ததும் அது ஊர்ப்பொது ஆகிவிடும். தமிழில் இதற்குக் காப்புரிமை என்று பெயர்.

நம் நாட்டில் இதற்கான முதல் சட்டம் 1856-ல் வந்தது. கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங் என்பவர் பங்கா இழுக்கும் இயந்திரத்துக்காகக் கொடுத்ததே முதல் விண்ணப்பம். மின்விசிறி வராத காலத்தில் துணிப் பங்காவை ஆள் வைத்து இழுத்தார்கள். அந்த வேலையை இயந்திரத்திடம் விட அவர் வழி கண்டார். இப்போது நடைமுறையில் இருப்பது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் உரிமை. மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் உரிமை முன்னதாகவே காலாவதியாகும்.

பெயர், உருவம், வேலை செய்யும் விதம் ஆகிய மூன்றையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொருளின் பெயருக்கும் அடையாளத்துக்கும் உள்ளது டிரேட் மார்க். வெளித்தோற்றத்துக்கு உள்ளது டிசைன் பதிவு. உள்ளே அது வேலை செய்யும் புதிய முறைக்கு உள்ளதுதான் பேட்டண்ட். ஒரே கிரைண்டருக்கு மூன்றும் தனித்தனியே இருக்கலாம்.

பாத்திரப் பட்டறையிலிருந்து ஒரு வழக்கு

எது புதிது என்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் நடக்கின்றன. இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு ஒன்று நம் பாத்திர வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டது. உத்தரப் பிரதேசம் மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரங்களைக் கடைசலில் கொடுத்துச் சுரண்டி மெருகு ஏற்றுவார்கள். பாத்திரத்தைக் கடைசல் மெஷினின் தலைப்பகுதியில் ஒருவகைப் பசையால் ஒட்டியோ, தாடைகளில் பிடிக்கவைத்தோ சுழற்றுவது பழைய முறை. வேகமாகச் சுற்றும்போது பாத்திரம் பிடி நழுவிப் பறக்கும், தொழிலாளிக்கு ஆபத்து. இதைத் தடுக்க எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு முனையால் அழுத்திப் பிடிக்கும் அமைப்பைச் செய்து, இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் 1951-ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் காப்புரிமை பெற்றது. அதே ஊரின் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது.

அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் முதலில் காப்புரிமை ரத்தாயிற்று. மேல்முறையீட்டில் செல்லும் என்றாயிற்று. கடைசியாக 1978 டிசம்பரில் உச்சநீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கடைசல் மெஷினில் எதிர்முனைப் பிடி என்பது வெகுகாலமாகத் தெரிந்ததுதான். தெரிந்ததைப் பாத்திரத்துக்கும் பொருத்தியது பட்டறைக்காரர் சாதாரணமாகச் செய்யக்கூடிய திருத்தமே தவிர, கண்டுபிடிப்பு அல்ல என்பது அதன் சாரம். பேட்டண்ட் கொடுத்துவிட்டதாலேயே அது செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

அந்த வழக்கு முடிய எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பாருங்கள். அவ்வளவு காலமும் இரு தரப்பின் சரக்கை வாங்கி விற்றவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று நம்மால் ஊகிக்க முடியும்.

சென்னையில் நடந்த மோட்டார் சைக்கிள் வழக்கு

இன்னும் அண்மையில், நம் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே நடந்த வழக்கு பஜாஜ் நிறுவனத்துக்கும் ஓசூரில் தொழிற்சாலை உள்ள டி.வி.எஸ். நிறுவனத்துக்கும் இடையிலானது. சிறிய மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஒரு ஸ்பார்க் பிளக்குக்குப் பதில் இரண்டு வைத்தால், பெட்ரோலும் காற்றும் கலந்த வாயு இரு பக்கமும் தீப்பற்றிச் சீக்கிரமாகவும் முழுமையாகவும் எரியும். இதற்கான தம் அமைப்புக்கு பஜாஜ் 2002 ஜூலையில் விண்ணப்பித்து, 2005-ல் 195904 என்ற எண்ணில் காப்புரிமை பெற்றது. 2007 டிசம்பரில் டி.வி.எஸ். ‘ஃப்ளேம்’ என்ற 125 சி.சி. வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக். தங்கள் எஞ்சின் மூன்று வால்வு கொண்டது, வேறு அமைப்பு என்று டி.வி.எஸ். வாதாடியது.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். டி.வி.எஸ். ஒற்றைப் பிளக்குடன் அந்த வண்டியை விற்க வேண்டியதாயிற்று. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம், டி.வி.எஸ். விற்கலாம், ஆனால் விற்பனைக்குச் சரியான கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றும், இதுபோன்ற வழக்குகளை நாள்தோறும் விசாரித்துச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றும் கூறியது. இரு நிறுவனங்களும் 2019-ல்தான் சமாதானம் ஆயின. 2002-ல் விண்ணப்பித்த அந்தக் காப்புரிமைக்கு 2022 ஜூலையோடு 20 ஆண்டுகளும் முடிந்துவிட்டன.

பெரிய கம்பெனிகள் வக்கீல் வைத்துத் தாங்கிக்கொள்ளும். ஷோரூம் வைத்து, விளம்பரம் செய்து, முன்பணம் வாங்கிய டீலரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால்தான் தடை உத்தரவு என்பதன் கனம் புரியும்.

ஆகாய விமானமும் தப்பவில்லை

ரைட் சகோதரர்கள் 1903-ல் விண்ணப்பித்து 1906-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அது எஞ்சினுக்காக அல்ல. பறக்கும்போது இறக்கையை முறுக்கி விமானத்தைச் சாயாமல் கட்டுப்படுத்தும் முறைக்காக. 1909 முதல் கிளென் கர்ட்டிஸ் என்பவரோடு வழக்கு நடத்தினார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-ல் விமானங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. அரசின் முயற்சியால் விமானத் தயாரிப்பாளர்கள் ஒரு சங்கம் சேர்ந்து, காப்புரிமைகளைப் பொதுவில் வைத்து, குறிப்பிட்ட தொகை கட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்த பிறகே சண்டை ஓய்ந்தது.

நம் சட்டத்தின் 49-வது பிரிவில் ஒரு விசேஷம் உண்டு. தற்காலிகமாக இந்தியாவுக்குள் வந்துபோகும் வெளிநாட்டு விமானத்தில் காப்புரிமை பெற்ற பாகம் இருந்தாலும், அந்த விமானத்தில் அதைப் பயன்படுத்துவது குற்றமாகாது. வந்து போகும் விமானத்துக்கு இந்தச் சலுகை உண்டு. கடைவைத்து விற்கும் நமக்குக் கிடையாது.

சட்டம் கடைக்காரருக்குச் சொல்வது

48-வது பிரிவின்படி, உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்வது மட்டுமல்ல, விற்பதும், விற்பனைக்கு வைப்பதும், விற்க இறக்குமதி செய்வதும்கூட உரிமை மீறல். செய்தவன் லூதியானாவிலோ ராஜ்கோட்டிலோ இருக்க, விற்றவர் என்ற முறையில் விழுப்புரம் கடைக்காரர் மீதும் வழக்குப் போடலாம். 108-வது பிரிவின்படி அந்தச் சரக்கைக் கைப்பற்றவும் அழிக்கவும்கூட நீதிமன்றம் உத்தரவிடலாம்; அதற்கு நஷ்டஈடு கிடையாது. காசு கொடுத்து வாங்கிய சரக்கு கண்ணெதிரே போகும்.

நமக்குப் பாதுகாப்பும் உண்டு. காப்புரிமை இருப்பது தெரியாது, தெரிய நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபிப்பவரிடம் நஷ்டஈடு வாங்க முடியாது என்று 111-வது பிரிவு சொல்கிறது. பொருளின் மேல் ‘பேட்டண்ட்’ என்ற சொல் மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால், அந்தச் சொல்லை வைத்தே நமக்குத் தெரியும் என்று சாதிக்க முடியாது. ஆனால் மேற்கொண்டு விற்கத் தடை வாங்கலாம். காரணமின்றி ஒருவர் நோட்டீசும் சுற்றறிக்கையும் அனுப்பி வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், 106-வது பிரிவின் கீழ் நாமே நீதிமன்றம் சென்று மிரட்டலை நிறுத்தவும் நஷ்டஈடு கேட்கவும் வழி இருக்கிறது. ‘எங்களுக்குக் காப்புரிமை இருக்கிறது’ என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காப்புரிமை இல்லாத பொருளை இருப்பதாகச் சொல்லி விற்பவருக்கு 120-வது பிரிவின்படி அபராதம் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை 10 லட்சம் ரூபாய் வரை என்று உயர்த்தியது. விண்ணப்பமே போடாமல் ‘விண்ணப்பித்துள்ளோம்’ என்று சொல்வதும் இதில் அடங்கும். கம்பெனிக்காரர் அச்சடித்ததை நம்பி, விசாரிக்காமல் நம் கடை போர்டிலும் நோட்டீசிலும் ‘பேட்டண்ட் பெற்றது’ என்று போட்டுக்கொள்வது நல்லதல்ல.

நமது கடைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வடநாட்டு விற்பனைப் பிரதிநிதி மேஜையில் பொருத்தும் தேங்காய்த் துருவி கொண்டுவந்தார். பெட்டியில் சிவப்பு எழுத்தில் ‘பேட்டண்ட்’ என்று இருந்தது. எண் என்ன என்று கேட்டோம். ஊருக்குப் போய் அனுப்புவதாகச் சொன்னார், வரவில்லை, நாமும் சரக்கு எடுக்கவில்லை. அடுத்த சீசனில் வேறொரு கம்பெனி அதே துருவியை, அதே சிவப்பு எழுத்தோடு, விலை குறைத்துக் கொண்டுவந்தது. ஒரே அமைப்புக்கு இரண்டு கம்பெனிகள் எப்படித் தனித்தனியே உரிமை கொண்டாட முடியும்? அவர்களிடமும் எண் இல்லை.

கொள்முதலின்போது கவனிக்க வேண்டியவை

1. ‘பேட்டண்ட்’ என்று இருந்தால் எண்ணைக் கேளுங்கள். விண்ணப்பம் மட்டும் என்றால் விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள்.

2. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். யார் பெயரில் உள்ளது, உயிரோடு உள்ளதா, காலாவதியா என்பது தெரியும். வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் நொடியில் எடுத்துத் தருவார்கள்.

3. பெரிய அளவில் கொள்முதல் செய்தால், காப்புரிமைச் சிக்கல் வந்தால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு நஷ்டத்தையும் ஏற்பதாகக் கம்பெனியிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பில்லில்லாச் சரக்கு வேண்டாம். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாதவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் கைகொடுக்காது.

5. நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடவும் வேண்டாம், பயந்து பணம் கட்டவும் வேண்டாம். வக்கீலிடமும் சங்கத்திடமும் காட்டுங்கள்.

நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்காக

நாம் எண் கேட்கும் பழக்கம் நம் ஊர்க்காரருக்கும் காவலாகும். திண்டிவனம் பக்கம் கடலை, நெல், கரும்பு வேலைக்கென்று லேத் பட்டறைகளில் புதுப்புது அமைப்புகளைச் செய்து பார்க்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். செய்ததும் முதலில் நம் கடைக்குக் கொண்டுவந்து ‘விற்றுப் பாருங்கள்’ என்கிறார்கள். இதுதான் ஆபத்து. விண்ணப்பிக்கும் முன் பகிரங்கமாக விற்ற பொருள் சட்டப்படி புதிது அல்ல. பிறகு உரிமை கிடைப்பது அரிது. அப்படி ஒருவர் வந்தால், ‘முதலில் விண்ணப்பம் போட்டுவிட்டு வாருங்கள், தம்பி’ என்று சொல்லி அனுப்புவதே நாம் செய்யும் உதவி. தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். விண்ணப்பம் எழுதித் தருபவரின் கூலியும் பிற கட்டணங்களும் தனி. முழு விவரம் தயாராகாவிட்டால் தற்காலிக விவரம் கொடுத்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழுமையாகக் கொடுக்கலாம்.

நம் மாவட்டத்துக்கு உரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிறது. நாம் மாதாமாதம் கட்டும் ஜி.எஸ்.டி. அல்ல, சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போகும் அதே பழைய டிரங்க் ரோடு. அந்த ரோட்டில் தினமும் நமக்குச் சரக்கு வருகிறது. இனி வரும் பெட்டியில் ‘பேட்டண்ட்’ என்று பார்த்தால், விலை கேட்கும் முன் எண்ணைக் கேட்போம்.