பாட்டு வருது, வெடிச்சத்தம் வரலை

அரியலூர்ல ஒரு டைப்பிங் சென்டரை மூடினப்போ வாங்கிவந்த 486 கம்ப்யூட்டர். பெரம்பலூர் வீட்டில் கேம் போட்டால் இசை ஓடுது. முதல் வெடிச்சத்தத்துலயே திக்கி நின்னுடுது. "கார்டு போச்சு, எடைக்குப் போடுங்க" என்றார் ஒரு நண்பர்.

போகவில்லை. சவுண்ட் பிளாஸ்டர் 16-இல் எஃப்எம் இசைக்கு ஐஆர்க்யூ தேவையில்லை. பதிவுசெய்த ஒலிக்குத் தேவை. ஒரு துண்டு முடிந்ததும் கார்டு அந்த வழியாகத்தான் பிராசசரைக் கூப்பிடும். கூப்பிட்டது கேட்கலைன்னா அடுத்த துண்டு வராது.

என் கார்டு 7-இல் இருந்தது. முதல் பிரிண்டர் போர்ட்டுக்கும் வழக்கமாக அதே 7தான். கார்டை 5-க்கு மாற்றி, ஆட்டோஎக்ஸெக் கோப்பின் பிளாஸ்டர் வரியிலும் ஐ7-ஐ ஐ5 ஆக்கினேன். வெடித்தது!

இசை மட்டும் வந்தால், எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஐஆர்க்யூவைப் பாருங்க.