துரு தின்னாத புல்லட்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பழைய தொழுவங்களையும் தகரக் கொட்டகைகளையும் எட்டிப் பார்த்தால், சாக்கு மூட்டைகளுக்கும் உழவு சாமான்களுக்கும் நடுவே ஒரு பழைய புல்லட்டோ ராஜ்தூத்தோ சாய்ந்து கிடப்பதைக் காணலாம். அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டிய வண்டி. டயர் வெடித்திருக்கும், சீட்டை எலி பிய்த்திருக்கும். ஆனால் தூசியைத் துடைத்துவிட்டு எஞ்சின் நம்பரைத் தடவினால் எழுத்துகள் விரலில் தெளிவாகப் படும். ஸ்போக்ஸில் பாதிக்கு மேல் இன்னும் பலமாக இருக்கும். இதே வண்டி இதே காலம் மண்டபத்திலோ தூத்துக்குடிக் கடற்கரையிலோ கிடந்திருந்தால், மட்கார்டு கையோடு உதிர்ந்து வந்திருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? வண்டியை வீட்டிலேயே மீட்டெடுக்க நினைக்கும் எவருக்கும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

துருவுக்கு வருஷக் கணக்கு கிடையாது, ஈரக் கணக்குதான் உண்டு. இரும்பும் ஆக்சிஜனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, நடுவில் தண்ணீர் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் போதும். 1930களில் இங்கிலாந்தின் வெர்னான் என்ற வேதியியலாளர் வேறு வேறு ஈரப்பதமுள்ள காற்றில் இரும்பை வைத்துப் பார்த்தார். அறுபது சதவீத ஈரப்பதத்தைத் தொடும் வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதைத் தாண்டியதும் துரு சட்டென்று வேகமெடுத்தது. பன்னாட்டுத் தரநிலையில், காற்றின் ஈரப்பதம் எண்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும் மணி நேரங்களின் கூட்டுத்தொகையும் ஓர் ஊரின் அரிப்பை மதிப்பிட ஓர் அளவுகோல். கரிசல் காட்டில் சித்திரை வெயில் அடிக்கும் நடுப்பகலில் இந்தக் கடிகாரம் நின்றுவிடுகிறது. இருபது வருஷம் கிடந்த வண்டி, துருவின் கணக்கில் சில வருஷம்தான் கிடந்திருக்கிறது.

கடற்கரையில் அந்தக் கடிகாரம் நிற்பதே இல்லை. காரணம் உப்பு. சாதாரணச் சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தை எட்டினால்தான் கசிந்து நீராகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு முப்பத்து மூன்று சதவீதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதாவது, நமக்கு உலர்ந்த காற்று என்று தோன்றும் வேளையிலும் அந்த இரும்பு நனைந்தேதான் இருக்கிறது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்தாலே காற்றில் உப்பு மளமளவென்று குறைந்துவிடும். அருப்புக்கோட்டையோ கடலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது.

ஊருக்கு ஊர் மாறும் இந்த அரிப்பை நாடு முழுக்க அளந்து பார்த்தவர்கள் நம் பக்கத்துக்காரர்கள்தான். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. ஊர்க்காரர்களுக்கு ‘சிக்ரி’. பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் மாட்டிவைத்து, எடை எவ்வளவு குறைகிறது என்று நிறுத்துப் பார்த்து, இந்தியாவுக்கே ஓர் அரிப்பு வரைபடம் தயாரித்தார்கள். மண்டபத்தில் கடல் அரிப்பை ஆராயத் தனி மையமே வைத்திருக்கிறார்கள்.

புல்லட் பிறந்த இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொழிற்சாலை தொடங்கியது திருவொற்றியூரில், வங்கக் கடலை ஒட்டி. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், 1962-க்குள் எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். உப்புக் காற்றில் பிறந்த வண்டி, வானம் பார்த்த பூமிக்கு வந்ததால் பிழைத்துக் கிடக்கிறது.

ஆனாலும் கரிசலிலும் துரு உண்டு, அது இடம் பார்த்துப் பிடிக்கும். அந்த இடங்களைத் தெரிந்துகொள்ள கேம்பிரிட்ஜின் யு. ஆர். எவன்ஸ் செய்து காட்டிய ஒரு சோதனை உதவும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டில் ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விடுங்கள். சொட்டின் விளிம்பு மெல்லியது, அங்கே காற்றின் ஆக்சிஜன் எளிதில் போய்ச் சேரும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்சிஜன் தட்டுப்பாடு. ஆக்சிஜன் நிறைய உள்ள இடம்தான் கெட்டுப்போகும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. நடுவில்தான் இரும்பு கரைகிறது. கரையும்போது விடுபடும் எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே விளிம்புக்கு ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையில் பழுப்பு நிறத்தில் துரு ஒரு வளையமாகப் படிகிறது. துடைத்துவிட்டுப் பார்த்தால் குழி நடுவில் இருக்கும். ஒவ்வொரு சொட்டும் ஒரு குட்டி பேட்டரி.

ஆகவே பழைய வண்டியில் வெளியே தெரியும் செம்பழுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். காற்று போகாத இடுக்குகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: மட்கார்டு கம்பி பூட்டும் கிளாம்ப்புக்கு அடியில், ரிம்முக்குள் டேப்புக்குக் கீழே, சைலன்சர் வளைவின் அடிப்பக்கம். மட்கார்டின் உள்பக்கம் அப்பிக்கிடக்கும் கரிசல் மண்ணை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடித்த தண்ணீரை அந்தக் களிமண் லேசில் விடாது. மேலே வெயில் காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும்.

நிறுத்திவைத்த இடமும் முக்கியம். மேகமில்லாத இரவில் வெட்டவெளியில் கிடக்கும் உலோகம் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால்தான் மார்கழி, தை மாதங்களில் வண்டி மேல் பனி முத்துமுத்தாக நிற்கிறது. கூரைக்கு அடியிலோ வேப்பமர நிழலிலோ நிற்கும் வண்டிக்கு வானம் தெரியாது, பனியும் பெரிதாக இறங்காது. மண்தரை வரை தார்ப்பாயால் இறுக்கி மூடுவது இன்னும் கெடுதல். தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே சிக்கி, விடிவதற்குள் வண்டி மேல் வியர்த்துவிடும்.

பெட்ரோல் டேங்க் இதில் தனிக் கதை. அது மூச்சு விடுகிறது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடித் துவாரம் வழியே வெளியேறும், இரவில் சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பதினாலு லிட்டர் காலி டேங்க்கில் பகலுக்கும் விடியற்காலைக்கும் இருபது டிகிரி வித்தியாசம் என்றால், நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் காற்று போய்வருகிறது. ஈரமான காற்றாக இருந்தால் அந்த ஒரு லிட்டரில் இருபது மில்லிகிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அதில் கொஞ்சம் குளிர்ந்த தகரத்தில் படிந்தாலும், வருஷக்கணக்கில் சேர்ந்தால் போதும். வண்டியைக் காத்த வறட்சிதான் பகலுக்கும் இரவுக்கும் இடையில் இந்த வெப்ப இடைவெளியையும் அதிகமாக்குகிறது. வெளியே பெயிண்ட் மினுங்கும் டேங்க்கின் உள்ளே டார்ச் அடித்தால் செம்மண் நிறம் தெரிவது இதனால்தான்.

இதற்குச் சிலர் கக்கூஸ் ஆசிடை ஊற்றுவார்கள். வேண்டாம். ஆசிட் துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், குளோரைடைக் குழிகளில் விட்டுவிட்டுப் போகும். கடற்கரையை டேங்க்குக்குள் கொண்டுவந்து வைத்த மாதிரி ஆகிவிடும். மின்சாரம் நல்ல வழி. பெட்ரோல் வாசனை துளியும் இல்லாதபடி பலமுறை கழுவிய பின், திறந்த வெளியில் வைத்து, டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி, சில கரண்டி வாஷிங் சோடா கரைக்க வேண்டும். சைக்கிள் ட்யூப் சுற்றிய ஓர் இரும்புக் கம்பியின் வெற்று முனையை, டேங்க்கில் எங்கும் இடிக்காமல் வாய் வழியே தொங்கவிட வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் பேட்டரி சார்ஜரின் மைனஸ் டேங்க்குக்கு, பிளஸ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க்கே கரையும். எவர்சில்வர் கம்பியைப் பயன்படுத்தக் கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரைந்து வரும்.

சற்று நேரத்தில் நுரை பொங்கும். துரு பிடித்தபோது இரும்பு இழந்த எலெக்ட்ரான்களை சார்ஜர் இப்போது திருப்பித் தள்ளுகிறது. சிவப்புத் துருவில் ஒரு பகுதி கறுப்பு மாக்னடைட்டாக மாறிப் பிடி தளரும், பின்னால் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் அதைப் பெயர்த்தெடுக்கும். நல்ல இரும்பு அப்படியே நிற்கும். அந்தக் குமிழி தீப்பற்றக்கூடியது, எனவே சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைக் கழற்றவே கூடாது. கழுவி முடித்த டேங்க் நிமிஷக் கணக்கில் மறுபடி சிவக்கத் தொடங்கும். அங்கே அருப்புக்கோட்டை வெயில் கைகொடுக்கும். உடனே காயவைத்து, கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றி உருட்டிவிட்டால் போதும்.

இனி கிக்கர். மிதித்தால் இறங்காது. புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம், அதைச் சுற்றிய ரிங்குகளும் இரும்பு. ரிங்கும் சிலிண்டரும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் அடைக்கும், அதனால்தான் அந்த இறுக்கம். ஏறி நின்று மிதிப்பவர்கள் கிக்கர் பல்லைத்தான் உடைப்பார்கள். சிலிண்டரைச் சுட வைத்தால் சூடு உள்ளே ஏறி, இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும் அலுமினியம் இன்னும் இறுகும். பிளக்கைக் கழற்றி டீசலை ஊற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம். இடுக்கு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு பலமாகத் திரவம் உள்ளே இழுக்கப்படும். பிறகு கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். முதல் நாள் ஒரு நூலளவு அசைந்தால் அதுவே நல்ல சேதி. பிடி விட்டபின் சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் லேத்தில் போரிங் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் பெயிண்ட். எல்லாவற்றையும் சுரண்டிப் புது வண்டியாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். டேங்க்கில் ஓடும் தங்கக் கோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வளைவில் ஒரு மயிரிழை தடித்து, நேரில் மெலிந்திருக்கும். திருவொற்றியூரில் ஒருவர் தூரிகை பிடித்து, ஸ்டென்சில் இல்லாமல் கையால் இழுத்த கோடு அது. கரிசல் காற்று அதை இத்தனை காலம் விட்டுவைத்திருக்கிறது. அதன் மேல் உப்புத்தாளைப் போட எனக்கு மனம் வராது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் தூசியை எடுத்து, மெழுகு தேய்த்து, கோடு மங்கிய இடங்களை மங்கியபடியே விட்டுவிடுவதுதான் சரி.