உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்திகரும் நாஸ்திகரும் கண்ட ஒரே சித்தாந்தம்

மின்காந்த விசையும் வலிமை குறைந்த அணுக்கரு விசையும் மூலத்தில் ஒன்றே என்னும் சித்தாந்தத்தை, அமெரிக்காவிலிருந்த ஸ்டீவன் வைன்பர்க்கும், லண்டனிலிருந்த பாகிஸ்தானிய விஞ்ஞானி அப்துஸ் ஸலாமும் 1967-68-ஆம் ஆண்டுகளில் தனித்தனியே கண்டு, ஷெல்டன் கிளாஷோவுடன் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவர்களுள் வைன்பர்க் தம் நாஸ்திகத்தை ஒளிவுமறைவின்றி எழுதிவந்தவர். ஸலாமோ, ஸ்டாக்ஹோம் விருந்துரையிலேயே குர்ஆன் வசனத்தை ஓதிய பக்தர்.

63 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்று, நாஸ்திகர் களிகூரத்தக்கவாறு, புத்திப் பரீட்சை மதிப்பெண் உயர உயர மதப்பற்று சற்றே குறைவதாகக் கண்டது மெய்யே. ஆயினும் சராசரியில் மட்டுமே புலப்படும் அந்தச் சொற்பத் தொடர்பைக் கொண்டு, தனியொரு மனிதரின் பக்தியிலிருந்து அவரது புத்தியை நிர்ணயிக்க இயலாது என்பதற்கு வைன்பர்க்கும் ஸலாமுமே சான்று.