முடியளவு துளைக்கு மெருகு

டீசல் காரின் எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனையில் ஆறேழு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், தலைமுடியைவிடச் சற்றே பருமன். இத்துளைகள் வழியே 2,000 பார் அழுத்தத்தில் டீசல் சீறிப் பாய்கிறது.

துளையிடுவது மின்பொறி. அது உலோகத்தை உருக்கி எடுப்பதால் உள்சுவர் சொரசொரப்பாகவும், விளிம்பு கூராகவும் நின்றுவிடும். அந்தக் கூரில் டீசல் சுவரை விட்டு விலகும், குமிழிகள் கிளம்பும், பாய்வும் குறையும்.

இவ்வளவு சிறிய துளைக்குள் எந்த உப்புத்தாளை நுழைப்பது?

எண்ணெயில் நுண்ணிய சாணைத்தூளைக் கலந்து உயரழுத்தத்தில் உள்ளே செலுத்துகிறார்கள். தூள் உரச உரச, உள்விளிம்பு மழுங்கி வழவழப்பாகிறது. பாய்வும் கூடிக்கொண்டே வருகிறது. பாய்வை அளக்கும் மீட்டர் குறித்த அளவைத் தொட்டதும் இயந்திரம் நின்றுவிடும். மெருகேற்றும்போதே அளவும் எடுத்துவிடுவதுதான் இதில் மிக அழகான ஏற்பாடு. பின்னாளில் டீசல் ஓட்டத்தில் விளிம்பு தேய்ந்து அளவு மாறுவதும் இதனால் குறைகிறது.