ஒரு கணினியில் இரு இயங்குதளங்கள்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பழைய கணினியைக் கைவிட விரும்பாத ஆசிரியர்க்கு, விண்டோசை அகற்றாமலே இலவச லினக்சையும் நிறுவிக்கொள்ளுதல் ஒரு வழியாகும்.

பலர் இடறுவது தொடக்க வட்டில்தான். ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. அதற்குரிய மென்பொருளைக் கொண்டு எழுதுதல் வேண்டும். விண்டோஸ் யுஇஎப்ஐ முறையில் இருப்பின் லினக்சும் அம்முறையிலேயே அமைக; இன்றேல் தொடக்கப் பட்டியலில் இரண்டும் ஒருங்கே தோன்றா. விண்டோசின் விரைவுத் தொடக்கத்தையும் நிறுத்துக. அது வட்டை முழுமையாக விடுவிப்பதில்லை.

எனினும், வட்டைப் பிரிக்குமுன் பாடக்குறிப்புகளையும் மாணவர் பதிவுகளையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்தலே முதற்கடமை. லினக்சை மீண்டும் நிறுவலாம். அழிந்த பதிவை மீட்டல் அரிது.